ஓட்ஸ் பிஸ்கட் ஏன் பரந்து போகிறது?

கேள்வி: ஓட்ஸ், சாக்லேட் சிப்ஸ் போட்ட பிஸ்கட்டுக்குச் சரியான அளவு சொல்லுங்கள். கப்பில் அளந்து செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

கப்பை ஒதுக்கிவிட்டுத் தராசை எடுங்கள். மைதாவைத் தளர்வாகப் போட்டால் ஒரு கப்பில் 120 கிராம். அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். அந்த வித்தியாசமே பிஸ்கட்டைக் கல்லாக்கப் போதும்.

உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை ஒன்று, வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், மைதா 95 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஓட்ஸ் 135 கிராம், சாக்லேட் சிப்ஸ் 130. இதில் 30 கிராம் உருண்டையாக 22 பிஸ்கட் வரும்.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை 2 நிமிடம் அடியுங்கள். முட்டையும் எசென்ஸும் சேர்த்து இன்னொரு நிமிடம். மைதா, சோடா, உப்பு மூன்றையும் ஒன்றாகச் சலித்துப் போட்டு, வெள்ளை மாவு கண்ணில் படாமல் போகும்வரை மட்டும் கிளறுங்கள்; அதற்கு மேல் கிளறினால் மாவு இழுவை பிடித்து, பிஸ்கட் இறுகிவிடும். ஓட்ஸும் சிப்ஸும் கடைசியில். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் 30 நிமிடம். 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் போதும்.

கேள்வி: அந்த 30 நிமிடம் அவசியம்தானா? உடனே சுட்டால் என்ன?

பரந்து போகும். இந்த பிஸ்கட்டில் வரும் கோளாறுகளில் பல இந்த அரை மணியைத் தவிர்ப்பதால் வருபவை. ஓட்ஸ் ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். கலந்த கையோடு பாருங்கள்: மாவு பளபளவென்று ஒட்டும், ஓட்ஸ் தனித்தனியாகத் தெரியும். அரை மணி கழித்து அதே மாவு மங்கலாகி, கரண்டியில் எடுத்தால் சரியாமல் நிற்கும். முட்டையின் ஈரம் ஓட்ஸுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். வெண்ணெயும் இறுகியிருப்பதால், அது உருகி ஓடுவதற்குள் ஓரம் வெந்து நின்றுவிடும்.

அப்படியும் பரந்தால் வெண்ணெயைக் கவனியுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் வழுக்கக் கூடாது. உருகிய வெண்ணெய் இந்த அளவுக்குச் சரிவராது. இன்னொன்று, முதல் தடவை சுட்ட ட்ரே சூடாக இருக்கும்போதே அடுத்த உருண்டைகளை வைப்பது. ட்ரே ஆறட்டும்.

கேள்வி: எந்த ஓட்ஸ் நல்லது?

தட்டையாக்கிய ரோல்டு ஓட்ஸ். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் குழைந்து, பிஸ்கட் கேக் மாதிரி ஆகிவிடும். தட்டையாக்காமல் துண்டுதுண்டாக நறுக்கிய ஸ்டீல் கட் ஓட்ஸ் வேண்டவே வேண்டாம். 12 நிமிடத்தில் அது வேகாது, பல்லில் கடினமாக மாட்டும்.

கேள்வி: சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா?

போடலாம், ஒன்றரை டீஸ்பூன். ஆனால் பிஸ்கட் வெளிறி, கொஞ்சம் உப்பலாக வரும். சோடாவின் காரத்தன்மைதான் நன்றாகச் சிவக்க வைக்கிறது. பழுப்புச் சர்க்கரையில் உள்ள மொலாசஸில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு) லேசான அமிலம் இருப்பதால், சோடா வேலை செய்ய அதுவே துணை. பழுப்புச் சர்க்கரை இல்லையென்றால் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு டேபிள்ஸ்பூன் மொலாசஸைப் பிசறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காமல்?

ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கலந்து 10 நிமிடம் வைத்தால் கொழகொழப்பாகும். ஒரு முட்டைக்கு அது சமம். பிஸ்கட் சற்று உதிரும், சுவை குறையாது.

கேள்வி: நடுவில் வேகவில்லை என்று கூடுதலாகச் சுட்டால், ஆறியபின் உடைக்கவே முடியவில்லை. வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரத்தைப் பாருங்கள், நடுவைப் பார்க்காதீர்கள். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் மெத்தென்று ஈரப் பளபளப்புடன் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சூடான ட்ரேயிலேயே 5 நிமிடம் விட்டால் மிச்ச வேக்காடு அங்கே முடியும்; அதற்கு முன் எடுத்தால் கையிலேயே உடையும். பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். ட்ரேயிலேயே முழுக்க ஆறவிட்டால் அடிப்பக்கம் வியர்த்துவிடும்.

அடி மட்டும் கருகினால் ட்ரே கறுப்பு நிறமா, கீழ்த்தட்டில் வைத்தீர்களா என்று பாருங்கள். நடுத்தட்டில் வைத்து, பட்டர் பேப்பர் விரியுங்கள். ஃபேன் ஓடும் ஓவனென்றால் வெப்பத்தை 15 டிகிரி குறையுங்கள். எந்த ஓவனானாலும் மாவு உள்ளே போகும் முன் 15 நிமிடமாவது சூடாகியிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே நாளில் எல்லாவற்றையும் சுட வேண்டுமா?

தேவையில்லை. உருண்டைகளை ட்ரேயில் தள்ளித்தள்ளி வைத்து உறையவிட்டு, பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் நன்றாக இருக்கும். உறைந்தபடியே சுடலாம், 2 நிமிடம் கூடுதலாக. சுட்ட பிஸ்கட்டை முழுக்க ஆறியபின் மட்டும் டப்பாவில் அடையுங்கள். நமுத்துப்போனால் 150 டிகிரியில் 5 நிமிடம் காட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.