பீர் மால்ட் உடைக்க மலிவு மில்: எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறேன். இவ்வளவு நாளும் டின்னில் வரும் மால்ட் சாறு வைத்து வீட்டில் பீர் போட்டேன். இப்போது முழு மால்ட்டுக்கு, அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லிக்கு, மாறுகிறேன்; அதை உடைக்க மில் வேண்டும். மாதம் ஒருமுறை, 5 கேலன். கரோனா வகைக் கைமில் (இரண்டு பல் தட்டுகள் உரசி அரைப்பது) 40 டாலருக்கும், இரண்டு உருளை மில் 120 டாலருக்கும் கிடைக்கின்றன. எங்கள் ஊர்க் குழுவில் ஒருவர் மோட்டாரோடு சேர்த்து 260 டாலருக்கு முழு செட் தருகிறேன், "சர்க்கரை 15 சதவீதம் கூடுதலாக இறங்கும், ஆறு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும்" என்கிறார். வீட்டில் மிக்சியும் வெட் கிரைண்டரும் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?

பதில்: அந்த 260 டாலர் செட்டை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் சொல்லும் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 5 கேலன் பீர், சுமார் 5 சதவீத ஆல்கஹால், 70 சதவீதச் சாறு இறக்கம் (மால்ட்டின் சர்க்கரையில் சாறுக்கு வருகிற பங்கு) என்றால் 10 பவுண்டு மால்ட் ஆகும். இறக்கம் 85 ஆனால் அதே பீருக்கு எட்டேகால் பவுண்டு போதும். மிச்சம் ஒன்றே முக்கால் பவுண்டு. பவுண்டு 2 டாலர் என்று வைத்தாலும் ஒரு தடவைக்கு மூன்றரை டாலர், வருடத்துக்கு 42 டாலர். 260 டாலர் திரும்பி வர ஆறு வருடம் ஆகும். அதுவும் அந்த 15 முழுதாகக் கிடைத்தால்தான். சரியாக உடைப்பதால் சாதாரணமாகக் கூடுவது ஐந்தோ ஏழோதான். "நம்ம ஆளுக்காக இந்த விலை" என்று செட் விற்பவர்கள் இந்தக் கணக்கை ஒருபோதும் காகிதத்தில் போட்டுக் காட்டமாட்டார்கள். பல இடங்களில் ஒரே தொழிற்சாலையின் மில்தான் வெவ்வேறு பெயர் ஒட்டி வெவ்வேறு விலைக்குப் போகிறது. மோட்டார் என்ற பெயரில் சேர்த்துக் கட்டுவதும் பெரும்பாலும் ஒரு சாதாரண டிரில்தான்.

மில்லுக்குப் போட்ட காசு திரும்புவது சாறு இறக்கத்தில் அல்ல, மூட்டையில். அடிப்படை மால்ட்டை 55 பவுண்டு மூட்டையாக எடுத்தால் பவுண்டுக்கு முக்கால் டாலர் வரை குறையலாம். தடவைக்கு 9 பவுண்டு என்றால் வருடத்துக்கு 80 டாலர் மிச்சம். 120 டாலர் மில் ஒன்றரை வருடத்தில் கழியும். உங்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூட்டை ஆகும். உடைக்காத மால்ட் காற்றுப் புகாத வாளியில், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் ஆறு மாதம் தாராளமாக நிற்கும். டெக்சாஸ் வெயிலில் கராஜில் வைத்தால் வண்டு விழும். மூட்டையாக வாங்க இடமோ மனமோ இல்லையென்றால் மில்லே வேண்டாம். மால்ட் விற்கும் கடையிலேயே இலவசமாகவோ சில காசுக்கோ உடைத்துக் கொடுப்பார்கள்.

கடை மில்லில் ஒரு சங்கடம் உண்டு. பல கடைகளில் உருளை இடைவெளியை அகலமாக வைத்திருப்பார்கள். சாறு இறங்காமல் அடைத்துக்கொண்டது என்று யாரும் திரும்பி வரமாட்டார்கள், இறக்கம் குறைவதால் மால்ட்டும் கொஞ்சம் கூடுதலாக விற்கும். இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மால்ட் ஆலைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் மணியின் பருமன் முதல் ஈரம் வரை குறித்த பகுப்பாய்வுத் தாள் வைத்திருக்கின்றன. சில்லறையில் வாங்குகிறவர் கைக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. மணியின் அளவு தெரியாமல் இடைவெளியை எப்படி வைப்பது? எரிச்சல் வரத்தான் செய்யும். "இரண்டு தரம் ஓட்டிக் கொடுங்கள்" என்று கேளுங்கள், பெரும்பாலான குறை அதிலேயே சரியாகும். உடைத்து வாங்கியதை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

இனி மில். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றில்தான் முழு பதிலும் இருக்கிறது: மேஷ் (உடைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்குவது) எதில் போடுகிறீர்கள், அடியில் வலை வைத்த கூலரிலா (ஐஸ் பெட்டி), துணிப் பையிலா?

கூலர் என்றால் உமிதான் உங்கள் வடிகட்டி. மணியின் உள்ளே இருக்கும் வெள்ளை மாவுப் பகுதி மூன்று நான்கு துண்டாக உடைய வேண்டும், உமி கூடுமானவரை முழுசாகக் கழன்று வர வேண்டும். உமி தூளானால் தானியப் படுகை இறுகிச் சாறு இறங்காமல் நின்றுவிடும். இதற்கு உருளை மில்தான் சரி. 120 டாலர் மில்லில் பார்க்க வேண்டியது: இடைவெளியை இரண்டு முனையிலும் தனித்தனியாகத் திருப்பும்படி இருக்கிறதா, திருப்பிய பின் இறுக்கிப் பூட்டத் தனித் திருகு இருக்கிறதா. ஒரு முனையில் மட்டும் திருப்புகிற மில்லில் உருளைகள் கோணலாக நிற்கும்; ஒரு பக்கம் மாவு, மறுபக்கம் முழு மணி. விளம்பரத்தில் "ஸ்டெயின்லெஸ்" என்றிருந்தால் அது எந்தப் பாகம் என்று கேளுங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் தகரப் புனல் மட்டும்தான். உருளை கார்பன் ஸ்டீலாக இருப்பதில் தப்பில்லை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று உருளை மில்லுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

ஆட்டோ பார்ட்ஸ் கடையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். அதை வைத்து முதலில் 0.039 அங்குலம், அதாவது 1 மில்லிமீட்டருக்கு இரண்டு முனையையும் வையுங்கள். மில்லில் பொறித்திருக்கும் எண்ணையோ கோட்டையோ நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடி உடைத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முழு மணி தெரிந்தால் 0.036-க்கு இறக்குங்கள். உமி நார் நாராகக் கிழிந்து மாவு மேலோங்கினால் 0.042. அதிர்வில் திருகு நகரும், அதனால் ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் இரண்டு முனையையும் மறுபடி அளக்க வேண்டும்.

டிரில் மாட்டினால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுக்கு மேல் போகாதீர்கள். வேகம் கூடினால் உமி கிழியும். அரை அங்குலத் தண்டு பிடிக்கிற, குறைந்த வேகத்தில் இழுவை உள்ள டிரில் வேண்டும். படம் மாட்ட வைத்திருக்கும் சின்ன டிரில் சூடேறிப் புகையும். முதலில் உருளையைச் சுற்றவிட்டு, பிறகு மால்ட்டைக் கொட்டுங்கள். நிரப்பிவிட்டு ஸ்விட்ச் போட்டால் மாட்டிக்கொள்ளும். மலிவு மில்லில் ஒரு உருளையைத்தான் கையோ டிரில்லோ சுற்றுகிறது, மற்றது மால்ட் உரசுவதால் தானே சுற்ற வேண்டும். ஓட்டம் இருந்தும் மால்ட் இறங்கவில்லையென்றால் அந்த இரண்டாவது உருளையின் புஷ்ஷில் (தண்டைத் தாங்கும் வளையம்) தூசி அடைத்திருக்கிறது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, புஷ்ஷில் மட்டும் உணவுத்தர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். உருளை மேல் எண்ணெய் பட்டால் பிடிமானம் போய்விடும்.

உமி கிழிவது நிற்கவில்லையென்றால் 10 பவுண்டு மால்ட்டுக்கு 90 மில்லி தண்ணீரைத் தெளித்துக் கிளறி, பத்து நிமிடம் கழித்து உடையுங்கள். உமி தோல் போல் வளையும், உடையாது. அளவு மீறினால் உருளையில் பசையாக ஒட்டும்.

துணிப் பையில் மேஷ் போடுகிறீர்கள் என்றால் இதுவரை சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, 120 டாலரும் தேவையில்லை. இதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதனால் விரித்துச் சொல்கிறேன். பையே வடிகட்டியாக இருப்பதால் உமி படுகை தேவைப்படுவதில்லை. உமி உடைந்தாலும் சாறு நிற்காது. ஆகவே குருணைக்கும் ரவைக்கும் நடுவில் நன்றாகவே நொறுக்கலாம். உருளை மில் கையில் இருந்தால் 0.025 முதல் 0.030 அங்குலம், கிரெடிட் கார்டு தடிமன் கணக்கு. இந்த வேலைக்கு 40 டாலர் கரோனா மில் தாராளம். கொலம்பியாவில் சோளம் அரைக்கச் செய்த வார்ப்பிரும்பு மில் அது. உருளை இல்லை, இரண்டு பல் தட்டுகள் உரசித் தேய்க்கும். அதன் கோளாறு, சுற்றும் தட்டு தள்ளாடுவது. தட்டு சாயும் பக்கத்தில் பின்னால் மெல்லிய வாஷர் ஒன்று கொடுங்கள். முன்னால் இருக்கும் திருகில் ஒரு நட்டு சேர்த்து இறுக்கினால் அமைத்த இடைவெளி நகராது. முழு மணி காணாமல் போகும்வரை இறுக்கி, தட்டோடு தட்டு கிறீச்சிடும் முன் நிறுத்துங்கள். பூச்சு உரிந்து வருகிற மில்லைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பை முறைக்கும் எல்லை உண்டு. முழு மாவாக்கினால் வெந்நீரில் கட்டி கட்டும். பை கனத்து வடிய நேரமாகும். பையைத் தாண்டிய மாவு அடியில் படிந்து, சூட்டில் தீய்ந்து பீரில் கருகல் வாசம் வரும். மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி உடைத்துக் கிளற வேண்டும். பம்ப் வைத்துச் சாறைச் சுற்றவிடும் மின்சாரப் பாத்திரம் வைத்திருப்பவர்கள் பை முறைக் கணக்கை எடுக்கவே கூடாது. அங்கே சாறு மறுபடி தானியப் படுகை வழியாகத்தான் இறங்குகிறது, நைசாக உடைத்தால் அடைக்கும். அவர்களுக்குக் கூலர் கணக்குத்தான்.

உடைந்த உமியால் துவர்ப்பு ஏறும் என்று பயமுறுத்துவார்கள். மேஷை அலசும் நீர் 77 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், வடியும் சாறின் பிஎச் 6-க்கு மேல் போனாலும்தான் துவர்ப்பு இறங்கும். இந்த இரண்டையும் கவனித்தால் போதும்.

மிக்சி? பை முறையில் மட்டும், அதுவும் ஒருமுறை சோதித்துப் பார்க்க. 150 கிராம் போட்டு இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டு அடிக்க வேண்டும். 10 பவுண்டுக்கு முப்பது தடவை ஆகும், மோட்டார் தாங்காது. வெட் கிரைண்டரும் வேண்டாம், இங்கே இந்தியர்களுக்கென்று விற்கும் ஆட்டா மில்லும் வேண்டாம். இரண்டும் மாவாக்கும் இயந்திரங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடம் 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை பீர் போடலாம், ஆனால் விற்கக் கூடாது. உங்கள் 60 கேலன் அதற்குள் அடங்கும். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் இதைச் செய்வது குற்றம். ஊரில் இருக்கும் தம்பிக்கு மில் வாங்கி அனுப்பாதீர்கள்.

புது மில் வந்ததும் கழுவாதீர்கள். அரைக் கிலோ மலிவு மால்ட்டை ஓட்டி எறிந்துவிடுங்கள், இயந்திர எண்ணெயும் இரும்புத் தூளும் அதோடு போகும். வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு கராஜிலோ வெளியிலோ உடையுங்கள். மால்ட் தூசி முழுக்க லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா. அது விழுந்தால் புளிக்கவைத்த பீர் புளிப்பேறிவிடும். உடைத்து முடித்ததும் சட்டை மாற்றி, முழங்கை வரை கை கழுவிய பிறகே ஈஸ்ட் இருக்கும் பாத்திரத்தின் பக்கம் போங்கள்.