குவில்ட் கிட்: வெட்டுவது முதல் பைண்டிங் வரை – கேள்வி பதில்

குவில்ட் கிட்டை (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் போர்வைக்கான துணியும் செய்முறைக் குறிப்பும் அடங்கிய தொகுப்பு) வைத்துத் தைக்கத் தொடங்கியிருக்கும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். கிட்டில் வரும் துணி கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. ஒரு துண்டு பிசகிவிட்டால் அதே அச்சில் இன்னொரு துண்டு கிடைப்பது அரிது. ஆகவே, பிளேடு துணியில் படுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கிட் துணியை முதலில் துவைத்துவிடலாமா? அடர் சிவப்புத் துணி ஒன்று இருக்கிறது, சாயம் விடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

ஏற்கெனவே சதுரமாகவோ பட்டையாகவோ வெட்டப்பட்டு வந்த துண்டுகளைத் துவைக்கவே வேண்டாம். அவை ஓரம் பிரிந்து, சுருங்கி, அளவு மாறிவிடும். முழுத்துணியாக வந்திருந்தால் துவைக்கலாம். ஆனால் எல்லாத் துணியையும் துவைக்க வேண்டும், இல்லையென்றால் எதையும் துவைக்கக் கூடாது. சிலவற்றை மட்டும் துவைத்தால், குவில்ட் முடிந்து முதல் சலவைக்குப் போகும்போது ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். கிட்டில் மிச்சத் துணி குறைவு என்பதால் துவைக்காமல் தைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சாயத்தைச் சோதிக்க, சிவப்புத் துணியின் கரையோரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, சோப்புத்தூள் கலந்த சூடான நீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அதை எடுத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து உலர விடுங்கள். வெள்ளையில் கறை இறங்கினால் அந்தச் சிவப்புத் துணியை மட்டுமாவது முன்கூட்டித் துவைத்தாக வேண்டும். மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு. கொஞ்சம் சுருங்கினாலும் பரவாயில்லை, வெள்ளைத் துணி பாழாகக் கூடாது.

கேள்வி: ரோட்டரி கட்டரால் (உருளும் வட்ட பிளேடு கொண்ட கத்தி) நீளப் பட்டைகள் வெட்டுகிறேன். விரித்துப் பார்த்தால் நடுவில் ‘வி’ போல வளைந்திருக்கிறது. ஸ்கேல் நகர்கிறதா?

ஸ்கேல் நகரவில்லை, மடிப்புத்தான் கோணலாக இருக்கிறது. கரையோடு கரை சேர்த்து மடிக்கும்போது, அந்த மடிப்புக்கு வெட்டு சரியாகச் செங்குத்தாக அமையாவிட்டால், பட்டையை விரித்ததும் மடிப்பு விழுந்த இடத்தில் அது முறியும். துணியைத் தூக்கிப் பிடியுங்கள். மடிப்பு முறுக்கில்லாமல் நேராகத் தொங்கும் வரை ஒரு பக்கக் கரையை இடமோ வலமோ நகர்த்துங்கள். அப்போது வெட்டு முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு வெட்டுவதற்கான ‘மேட்’ விரிப்பின் மேல் கிடத்தி, ஸ்கேலின் குறுக்குக்கோடு ஒன்றை மடிப்பின் மேல் சரியாகப் படியவைத்து, முனையைச் சீவிவிட்டுத் தொடங்குங்கள். மூன்று நான்கு பட்டைகளுக்கு ஒருமுறை அந்தக் குறுக்குக்கோட்டை மீண்டும் சரிபார்த்து, விலகியிருந்தால் முனையை மறுபடி சீவ வேண்டும். அளவை ‘மேட்’ விரிப்பின் கோடுகளில் பார்க்காமல் ஸ்கேலின் கோடுகளில் பாருங்கள்.

துணி மிகவும் தளர்வாக இருந்தால், வெட்டுவதற்கு முன் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுவது பெரிய உதவி. வெட்டிய பிறகு கஞ்சி போடாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்து துண்டின் அளவைக் குலைக்கும்.

கேள்வி: எந்தத் துண்டை முதலில் வெட்டுவது?

பெரியதை முதலில். பார்டர் பட்டைகள் கரைக்கு இணையாக, அதாவது பாவு நூலின் போக்கில் வெட்டும்படி குறிப்பில் இருந்தால் அவற்றை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பாவின் போக்கில் துணி மிகக் குறைவாகவே நீளும். ஊடையின் போக்கில் சற்று நீளும். கிராஸில், அதாவது மூலைவாட்டில், நன்றாகவே நீளும். பார்டரின் நீளத்தை மட்டும் இப்போதே குறிப்பில் உள்ளபடி இறுதி செய்துவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வி: துண்டுகளைத் துல்லியமாகத்தான் வெட்டினேன். ஆனாலும் 12½ அங்குலம் வர வேண்டிய பிளாக் (துண்டுகளை இணைத்து உருவாக்கும் சதுரம்) 12¼ தான் வருகிறது. எங்கே போனது கால் அங்குலம்?

தையலுக்குள் போயிருக்கிறது. பிளாக்கின் அளவைத் தீர்மானிப்பதில் வெட்டுக்குச் சமமான பங்கு தையல் ஓரத்துக்கு, அதாவது தையலுக்கும் துணியின் விளிம்புக்கும் இடையே விடும் இடத்துக்கு, உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. கிட்டின் குறிப்புகள் பொதுவாகக் கால் அங்குலத் தையல் ஓரத்தை வைத்துக் கணக்கிட்டவை. ஆனால் சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தாலும் பிளாக் சற்றுச் சிறுத்துத்தான் வரும், ஏனெனில் தையலை ஒரு பக்கமாகப் படியவைத்து இஸ்திரி போடும்போது நூலின் தடிமனும் துணி திரும்பும் வளைவும் கொஞ்சம் இடத்தை விழுங்கிவிடுகின்றன. எனவே கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவான ஓரம் விட்டுத் தைப்பதே வழக்கம்.

உங்கள் மெஷினில் அந்த இடம் எது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. கிட் துணியைத் தொடாமல், வேறு பருத்தித் துணியில் 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்த அகலம் 3½ அங்குலமும், நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். நடுப்பட்டை குறைந்தால் தையல் ஓரம் அதிகம். கூடினால் தையல் ஓரம் குறைவு. சரியான இடம் கிடைத்ததும் ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெஷின் தட்டின் மேல் ஒரு டேப்பை ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும்படி தையுங்கள். கால் அங்குல ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) வாங்கி மாட்டியிருந்தாலும் இந்தச் சோதனையை விட வேண்டாம்; நூலை மாற்றினாலே முடிவு மாறக்கூடும். மெல்லிய 50 எண் பருத்தி நூல், 80/12 ஊசி, 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தையல் நீளம் ஆகியவை பெரும்பாலான குவில்ட் துணிகளுக்குப் பொருந்தும்.

இத்தனை சிறிய அளவுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு வரிசையில் 32 துண்டுகள் என்றால் 31 தையல்கள். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் மட்டுமே பிசகினாலும் வரிசையின் முடிவில் ஏறக்குறைய 2 அங்குலம் காணாமல் போயிருக்கும். இப்போது சிறுத்துவிட்ட பிளாக்குகள் எல்லாமே ஒரே அளவில் 12¼ ஆக இருந்தால் பிரிக்க வேண்டாம். மீதியையும் அதே ஓரத்தில் தைத்து, பார்டரை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளலாம். ஒன்றுக்கொன்று மாறுபட்டால்தான் பிரித்துத் தைக்க வேண்டும்.

கேள்வி: 2½ அங்குலப் பட்டைகளின் ஓரம் பல் பல்லாக இருக்கிறது. பல்லின் நுனியை ஓரமாகக் கொள்வதா, பள்ளத்தையா?

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது வேறுபடும், ஆகவே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். நுனிக்கு நுனி 2½ இருந்தால் நுனிதான் ஓரம். எதுவானாலும் கடைசிப் பட்டை வரை அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரங்கள் ஒன்றுகூடச் சதுரமாக வருவதில்லை.

முக்கோணமாக வெட்டி இணைத்தால், தைக்கும் பக்கம் கிராஸில் இருப்பதால் கை பட்டாலே இழுபடும். சதுரமாக இருக்கும்போதே தைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். முடிவில் 3 அங்குலம் வர வேண்டுமென்றால் குறிப்பில் 3⅞ அங்குலச் சதுரம் என்று இருக்கும். நீங்கள் 4 அங்குலமாக வெட்டி, இரண்டு நிறச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேல் வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின் மேல் பொருத்தி 3½ ஆகச் சீவிவிடுங்கள்.

கிட்டில் துணி போதுமா என்று கேட்பீர்கள். 40 அங்குல அகலத் துணியில் 3⅞ ஆக வெட்டினாலும் 4 ஆக வெட்டினாலும் ஒரு பட்டையில் 10 சதுரங்கள்தான். கூடுதலாகச் செலவாவது பட்டைக்கு அரைக்கால் அங்குலம். நான்கு பட்டைக்கு அரை அங்குலம். பெரும்பாலான கிட்டுகள் இதைத் தாங்கும், ஆனாலும் முதலில் துணியை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தையலை எந்தப் பக்கம் படியவைப்பது?

அடர் நிறத்தின் பக்கம். அடுத்தடுத்த வரிசைகளில் எதிரெதிர்த் திசையில் படியவைத்தால் சந்திப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மேடு இல்லாமல் பொருந்துவது தெரியும். பல முனைகள் ஒரே இடத்தில் கூடினால் அங்கே மட்டும் தையல் ஓரத்தை இருபுறமும் விரித்துப் படியவைக்கலாம். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள்.

கேள்வி: பார்டர் வைத்ததும் குவில்டின் ஓரம் அலை அலையாக எழும்புகிறது.

நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிவில் மிஞ்சியதை வெட்டியிருப்பீர்கள். குவில்டின் ஓரங்கள் கையாளப்பட்டு நீண்டிருக்கும். அந்த நீட்சி அப்படியே பார்டருக்குப் போய்விடுகிறது. மேல்பகுதியைச் சமதளத்தில் விரித்து, நடுவிலும் நடுவுக்கு இருபுறமும் என மூன்று இடங்களில் அளந்து, சராசரி எடுங்கள். இரண்டு பார்டர்களையும் அந்த நீளத்துக்கே வெட்டுங்கள். குறிப்பில் உள்ள நீளத்தை நம்பி முதலிலேயே வெட்ட வேண்டாம் என்றது இதற்காகத்தான். பிறகு முனைகளையும் நடுவையும் கால் பாகங்களையும் பின் குத்தி, மிச்சத்தைப் பரவலாக அடக்கித் தையுங்கள். பக்கப் பார்டர்கள் முடிந்ததும் மேல் கீழுக்கு மறுபடி இதே போல் அளக்க வேண்டும்.

கேள்வி: 60க்கு 80 அங்குலக் குவில்டுக்குப் பின்துணி எவ்வளவு வேண்டும்? அடுக்குகளைச் சேர்த்துக் குவில்ட் செய்யும்போது பின்னால் சுருக்கம் விழாமல் இருக்க என்ன வழி?

பின்துணியும் பேட்டிங்கும் (நடுவில் வைக்கும் பஞ்சடுக்கு) பல கிட்டுகளில் இருக்காது. பின்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 68க்கு 88 இருக்கட்டும். சாதாரண அகலத் துணியில் 88 அங்குல நீளத் துண்டுகள் இரண்டு தேவை, ஆக 5 கஜம். கரையை வெட்டி நீக்கிவிட்டு, அரை அங்குல ஓரத்தில் இணைத்து, ஓரத்தை இருபுறமும் விரித்துப் படியவையுங்கள்.

பின்துணியை விறைப்பாக, ஆனால் இழுக்காமல், தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் விடுவித்ததும் சுருங்கிக்கொள்ளும், நீங்கள் சொல்லும் சுருக்கம் அங்கேதான் பிறக்கிறது. அதன் மேல் பேட்டிங், அதன் மேல் முகத்துணி. நடுவிலிருந்து வெளிநோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக சேஃப்டி பின் குத்துங்கள். நேர்கோட்டுத் தையலுக்கு வாக்கிங் ஃபுட் மாட்டினால் மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகரும். தையல் கோடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பேட்டிங் உறையில் அச்சிட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கத் துவைக்க உள்ளே திரண்டுவிடும்.

கேள்வி: பைண்டிங்கில் (குவில்டின் ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டை) மூலை திரும்புவதும், கடைசியில் இரு முனைகளை இணைப்பதும் வரவில்லை.

60க்கு 80 குவில்டின் சுற்றளவு 280 அங்குலம். 12 அங்குலம் கூட்டினால் 292. மூலைவாட்டில் இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டரை அங்குலம் போகும் என்பதால், 40 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டைகள் எட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டு ஓரத்தைக் குவில்டின் ஓரத்தோடு பொருத்தி, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, முதல் 10 அங்குலத்தைத் தைக்காமல் விட்டுத் தொடங்குங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நூலை அறுத்துவிட்டு, பட்டையை 45 பாகையில் மேலே மடக்கி, பிறகு நேரே கீழே கொண்டுவாருங்கள். மடிப்பு மேல் ஓரத்தோடும், பட்டை பக்க ஓரத்தோடும் சமமாக நிற்கும். அந்த மேல் ஓரத்திலிருந்தே மீண்டும் தையுங்கள்.

இறுதியில் இரு முனைகளும் ஒன்றன் மேல் ஒன்று 2½ அங்குலம், அதாவது பட்டையின் விரிந்த அகலம், படியும்படி வெட்டுங்கள். இரண்டையும் விரித்து, முகத்தோடு முகம், செங்குத்தாக வைத்து, மூலைக்கு மூலை பின் குத்துங்கள். தைப்பதற்கு முன் பட்டையை ஓரத்தில் படுக்கவைத்துப் பார்த்து, முறுக்கு விழவில்லை என்று தெரிந்த பிறகே தைத்து, மிச்சத்தைக் கால் அங்குலம் விட்டு வெட்டி, விட்ட இடைவெளியைத் தைத்து மூடுங்கள். குவில்டை நடுவில் மடித்து ஒரு கிளிப் போட்டுக்கொண்டால் பட்டைகள் இழுபடாமல், இந்த இணைப்பைச் செய்வதற்குப் போதிய தளர்வு கிடைக்கும்.