அடுப்படிப் பக்கம் போய்விடாதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஆறு வயது மகனைச் சாரணர் குழுவில், மிகச் சிறிய பிள்ளைகளுக்கான பீவர் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள். இப்போது அங்கிருப்பவர்கள் உங்களையே தலைவர்களில் ஒருவராக வரும்படி கேட்கிறார்கள். என் ஆங்கிலம் போதுமா, இது வேலை தேட உதவுமா, எவ்வளவு செலவாகும், தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நடப்பதால் மதம் மாற்றும் நோக்கம் ஏதும் இருக்குமா, குளிர்கால முகாமுக்கும் போக வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

செலவைப் பற்றி உங்கள் குழுவின் பொறுப்பாளரிடமே கேட்டுவிடுங்கள். கட்டணம் கட்டச் சிரமப்படும் குடும்பங்களுக்கு உதவும் நிதி ஸ்கவுட்ஸ் கனடாவில் இருக்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். மதம் மாற்ற மாட்டார்கள். தேவாலயம் இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் சொல்லும் வாக்குறுதியில் கடவுள் வரலாம். அது எந்தக் கடவுள் என்று, நானும் ஒரு தலைவராக இருக்கும் எங்கள் குழுவில் ஒருவரும் கேட்டதில்லை. அந்த இரண்டையும் இத்துடன் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஓம் என்று சொல்லுங்கள். ஆனால் அடுப்படிக்குப் போகாதீர்கள்.

முதல் மாதத்திலேயே அன்பாகத்தான் கேட்பார்கள். உங்களுக்கு நன்றாகச் சமைக்க வருமே, முகாமில் சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நமக்கும் அது வசதியாகவே தெரியும். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை, கை பழகிய வேலை, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்வார்கள். தகப்பன்மார் என்றால் கணக்குப் பார்க்கவும் பெட்டி தூக்கவும் அனுப்புவார்கள். பிறகு வருடங்கள் ஓடிவிடும், நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். தமிழர்களில் மட்டுமல்ல, பிலிப்பினோ, சீனத் தாய்மாரிலும் இதைக் கண்டிருக்கிறேன். நல்ல திறமைசாலிகள். மருத்துவத் தாதி, கணித ஆசிரியை, பொறியியலாளர். முகாமுக்கு முகாம் பாத்திரம் கழுவிவிட்டுப் போனார்கள். கொடி ஏற்றும்போது பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள் அல்லவா, அந்த வட்டத்துக்குள் ஒரு நாளாவது அவர்கள் நின்றதில்லை.

சமைப்பது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. முறை வைத்து எல்லாத் தலைவர்களும் சமைக்கட்டும், நீங்களும் சமையுங்கள். ஆனால் உங்கள் பெயரை அந்த வேலையோடு நிரந்தரமாகக் கட்டிவிட இடம் கொடுக்காதீர்கள். ஒரு விளையாட்டை நான் நடத்துகிறேன், ஒரு முடிச்சை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று முதல் கூட்டத்திலேயே கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள். ஆள் போதாமல் தவிக்கும் குழுக்களே அதிகம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகனுக்காகத்தான். இந்த நாட்டில் நம் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே நமக்கு மொழிபெயர்ப்பாளர்களாகிவிடுகிறார்கள். பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் அவர்கள் வாசிக்கிறார்கள். வைத்தியரிடம் அவர்கள் பேசுகிறார்கள். வங்கியில் நமக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிறார்கள். அம்மாவுக்கு இங்கே ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவர்களுக்குள் சத்தமில்லாமல் குடிவந்துவிடும். பிறகு பதினான்கு வயதில் நாம் சொல்வது எதுவும் அவர்களுக்குக் கேட்காது. என் மகன் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, நான் சதுர முடிச்சுக் கட்டிக் காட்டுவதைப் பார்த்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற பையனிடம் "அது என் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதுவரை பாடசாலை வாசலில் என்னை விட்டு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்த பிள்ளை அவன்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கணம் வேண்டாம். நீங்கள் அவர்களைக் கவனிக்கிறீர்களா என்பதுதான் வேண்டும். பிழையாக உச்சரித்தால் உடனே திருத்துவார்கள், அதில் கேலி இருக்காது. வேலையிடத்தில் பெரியவர்களிடம் கற்றதைவிட அந்தச் சிறுவர்களிடம்தான் நான் அதிகம் கற்றேன்.

வேலை விஷயம். தொண்டு வேலை செய், கனேடிய அனுபவம் கிடைக்கும் என்று உங்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஊரில் பத்து வருடம் படிப்பித்துவிட்டு வந்தவள் நான். இங்கே அனுபவம் இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் திருப்பி அனுப்பினார்கள். கனேடிய அனுபவத்தைக் கண்டிப்பாகக் கேட்பது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடுதான் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கையாகவே சொன்னது. எங்களுக்கு அது மிகவும் பிந்தி வந்த சொல். சாரணர் தலைவராக இருந்தால் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லச் சிலர் கிடைப்பார்கள், அது உண்மை. ஆனால் அதற்காக மட்டும் வருபவர்கள் முதல் பனி விழுந்ததும் நின்றுவிடுகிறார்கள். இடையில் விட்டுப் போகும் பெரியவர்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அந்த அக்கா ஏன் வரவில்லை என்று. அப்படி நின்றுபோகும் எண்ணம் இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

இனி இரண்டு எச்சரிக்கைகள். பொலிஸ் நிலையம் என்றாலே வயிறு கலங்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டுமானால் பொலிஸ் சோதனைச் சான்று கட்டாயம். சில வேளை விரல் அடையாளமும் கேட்பார்கள். எங்கள் குழுவில் சில வருடங்களுக்கு முன் ஒரு தாய்க்கு அப்படிக் கடிதம் வந்தது. தான் என்ன குற்றம் செய்தேன் என்று அழுதுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தாள். குற்றம் எதுவும் இல்லை. மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி ஒருவரின் பதிவில் இருக்கும் பிறந்த தேதியும் பாலினமும் உங்களுடையதோடு பொருந்தினால், அது நீங்கள் அல்ல என்று உறுதிசெய்யக் கேட்கிறார்கள். பெயர்கூட ஒன்றாக இருக்கத் தேவையில்லை. நம்மவர்களில் பலர் அந்தக் கடிதத்தைக் கண்டதும் பயந்து விலகிவிடுகிறார்கள். நீங்கள் விலகாதீர்கள். இந்தச் சோதனை உங்கள் மகனைக் காப்பதற்காகவும்தான் இருக்கிறது.

மற்றது, எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது இங்கே மாற்றமில்லாத விதி. நமக்கு இது விளங்கச் சற்று நாளாகும். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போவோம். தாய் பிந்தி வந்தால், பாவம் என்று பிள்ளையை நம் காரில் ஏற்றி வீட்டில் விடுவோம். ஊரில் அது நல்ல மனம். இங்கே அதைச் செய்யக் கூடாது. மற்றத் தலைவரையும் கூப்பிட்டு, இருவருமாக வாசலில் காத்திருங்கள். காது முறுக்குவது, தலையில் குட்டுவது எல்லாம் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். இந்த விதியை நம்பிக்கையீனம் என்று எடுத்துக்கொண்டு கோபப்பட்ட தமிழ்த் தகப்பன் ஒருவர் எங்களோடு இருந்தார். நான் கோபப்படவில்லை. விதி இல்லாத இடங்களில் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

நம்மவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கூட்டம் நடக்கும் நேரம் முழுவதும் காரை ஓடவிட்டு, சூட்டில் இருந்து தொலைபேசி பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் எங்கள் சமூகத்தில் நிறையப் பேர். உள்ளே வந்து நாற்காலி அடுக்கச் சொன்னால் நேரமில்லை. ஆனால் வாசலில் என்னை மறித்து, என் மகனுக்கு ஏன் இன்னும் அந்தச் சின்னம் கொடுக்கவில்லை, மற்றப் பையனுக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்க நேரம் இருக்கும். சனிக்கிழமை கணித வகுப்பு, ஞாயிறு நடன வகுப்பு, அதற்கிடையில் இதுவும் ஒரு வகுப்பு என்று நினைக்கிறார்கள். பிள்ளை பெரிதானதும், உயர்நிலைப் பாடசாலையை முடிக்கக் கட்டாயமான நாற்பது மணி நேரச் சமூகத் தொண்டுக்குக் கையெழுத்து வாங்க மட்டும் மறுபடி வருவார்கள். எனக்கு இது மனவருத்தம். இந்த நாட்டில் பூங்கா, நூலகம், விளையாட்டுக் குழு என்று நாம் அனுபவிக்கும் பலவற்றின் பின்னால் யாரோ சம்பளமில்லாமல் கொடுத்த மாலை நேரங்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு மட்டும் வரிசையில் நிற்பது நமக்கு அழகல்ல.

என் கணவருக்கும் முதலில் இதில் விருப்பம் இருக்கவில்லை. சீருடை போட்ட பிள்ளைகள் வரிசையாக நிற்பதைக் கண்டால் அவர் முகம் மாறிவிடும். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் உள்ளே வந்து பாருங்கள் என்று கூட்டிப் போனேன். பீவருக்கு அடுத்த பிரிவான குருளைச் சாரணர்கள் மரக்கட்டையில் கார் செய்து ஓடவிடும் போட்டி அன்று. மகனின் காருக்குச் சக்கரம் சரியாகப் பூட்டப்படவில்லை என்று முழங்காலில் இருந்து பார்க்கத் தொடங்கியவர், அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளின் காரையும் திருத்திக்கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் போட்டிக்குப் பொறுப்பு அவர்தான். மகள் அப்போது சின்னவள், அண்ணனைப் பார்த்துக்கொண்டு வாங்கில் இருப்பாள். 1998-இல் எல்லாப் பிரிவுகளையும் பெண் பிள்ளைகளுக்கும் திறந்தார்கள். வயது வந்ததும் அவளையும் சேர்த்தோம். அவள் பிறகு அண்ணனைவிட நன்றாகக் கூடாரம் அடித்தாள்.

உறவுக்காரர்கள் பேசினார்கள். ஒரு குடும்பப் பெண் காட்டுக்குள் போய்ப் படுப்பதா என்று கல்யாண வீடுகளில் என் காதுபடவே கதைத்தார்கள். பேசட்டும் என்று விட்டேன். அவர்களின் பிள்ளைகளையும் பிறகு நான்தான் முகாமுக்குக் கூட்டிப் போனேன்.

குளிர்கால முகாமைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தீர்கள். பீவர்களை பனிக்குள் கூடாரத்தில் படுக்க வைப்பதில்லை. நாங்கள் போகும்போது அவர்களுக்குச் சூடான மரக்கட்டிடம் எடுப்போம். ஆனால் உடுப்பு விஷயத்தில் கவனமாக இருங்கள். நான் 1995 பெப்ரவரியில் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது என் கையில் இருந்தது ஒரு பருத்திச் சட்டையும் யாரோ இரவல் தந்த மெல்லிய அங்கியும். பஸ் தரிப்பில் நின்று குளிரில் அழுதிருக்கிறேன். குளிர் இந்த நாட்டின் தண்டனை என்றுதான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். எங்கள் குழுவில் இருந்த ஒரு முதிய பெண்மணிதான், ஓய்வுபெற்ற தாதி, குளிரில் பிழையில்லை, உடுப்பில்தான் பிழை என்று எனக்குக் காட்டித்தந்தார். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிராக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் சூட்டைக் காக்கும் தடித்த அங்கி, வெளியே காற்று புகாதது. படுக்கப் போகுமுன் பகல் முழுவதும் போட்டிருந்த எல்லாவற்றையும், காலுறை உட்பட, மாற்ற வேண்டும். பிள்ளைகள் மாற்றிவிட்டேன் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், காலுறையைத் தொட்டுப் பாருங்கள்.

பனிக் குகை கட்டவும் அவரிடம்தான் கற்றேன். பனியை ஆளுயரத்துக்குக் குவித்து, இறுகும்வரை சில மணி நேரம் விட வேண்டும். தோண்டத் தொடங்குமுன் ஒரு அடி நீளக் குச்சிகளைச் சுற்றிவரக் குத்திவிடுவோம். உள்ளிருந்து தோண்டும்போது குச்சியின் நுனி தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுவர் மெலிந்துவிடும். தோண்டும்போது ஒருவர் கட்டாயம் வெளியே நின்று காவல் பார்க்க வேண்டும், இடிந்தால் இழுத்தெடுக்க. ஹாலிபர்ட்டன் பக்கத்துக் காட்டில் ஒரு சனிக்கிழமை, இங்கேயே பிறந்து வளர்ந்த தகப்பன்மார் சிலருக்கு இதை நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குறிப்புப் புத்தகம் எடுத்து எழுதிக்கொண்டார்கள். பஸ் தரிப்பில் நின்றவள்தான் அங்கே மண்வெட்டியோடு நின்றாள். அந்தப் பெருமையை நான் மறைக்கப்போவதில்லை.

உறங்குபையும் பனிச் சப்பாத்தும் புதிதாக வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலான குழுக்களில் பழையவை இருக்கும், இல்லாவிட்டால் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். கணவருக்கு இரவு வேலை என்றீர்கள். கூட்டம் எந்த மாலையில் என்று பார்த்து, அந்த ஒரு மாலையை மட்டும் அவருடைய மேலாளரிடம் இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். பொலிஸ் சான்று வரக் கிழமைகள் ஆகலாம், இணையவழிப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் உங்களைத் தலைவராகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், முகாமுக்கும் ஆள் குறையும்.