கண் வரைய எந்தப் பிரஷ்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசைப் போர் விளையாட்டுக்கான 28 மில்லிமீட்டர் மினியேச்சர்களுக்கு, அதாவது சின்னஞ்சிறு வீரர் பொம்மைகளுக்கு, வண்ணம் தீட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். கவசமும் அங்கியும் ஓரளவு வருகின்றன. முகத்துக்கு வந்ததும் எல்லாம் கெட்டுவிடுகிறது. கண்ணில் புள்ளி வைக்கப் போனால் கறையாகிறது. இதற்காகவே மிக மெல்லிய 000 எண் பிரஷ் வாங்கினேன். அதில் வண்ணம் இறங்கவே மாட்டேன் என்கிறது. கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் வண்ணப் போட்டியின் படங்களைப் பார்க்கும்போது, இது நடுங்காத கை உள்ளவர்களுக்கான வேலை என்று தோன்றுகிறது. அப்படித்தானா?

க.

அன்புள்ள க.,

கை எல்லோருக்கும் நடுங்கும். இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தி, முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொண்டால் பொம்மையும் பிரஷும் சேர்ந்தே ஆடும், கோடு பிசகாது. பொம்மையை ஒரு கார்க்கிலோ மரப்பிடியிலோ ஒட்டிக்கொள்ளுங்கள். கை விஷயம் இவ்வளவுதான்.

உங்களைப் படுத்துவது அந்த 000 பிரஷ் என்று நினைக்கிறேன். அதன் முடிகள் பிடித்துக்கொள்ளும் வண்ணம் மிகக் குறைவு. நாம் தீட்டும் அக்ரிலிக் வண்ணத்தில் இருக்கும் நீர் ஆவியானால் வண்ணம் இறுகிவிடும். பேலட்டிலிருந்து (வண்ணம் கலக்கும் தட்டிலிருந்து) முகத்துக்குப் போவதற்குள் அந்தத் துளி காய்ந்துவிடுகிறது. நீங்கள் அழுத்துகிறீர்கள், கறையாகிறது. 1-ஆம் எண் பிரஷ் ஒன்றை எடுங்கள். நடுப்பகுதி பருத்து, நுனி ஊசியாகக் கூடவேண்டும். சைபீரிய மரநாய் வகை ஒன்றின் வால்முடியில் செய்யப்படும் கோலின்ஸ்கி பிரஷ்களை இதற்காகத்தான் பலரும் விரும்புகிறார்கள். நடுப்பகுதி வண்ணத்தைத் தேக்கி வைக்கும், நுனி கொஞ்சம் கொஞ்சமாக விடும். முடிகளைப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்க்குள் வண்ணம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காய்ந்தால் நுனி பிளந்துவிடும், பிறகு ஒன்றுசேராது.

அடுத்தது தண்ணீர். குப்பியிலிருந்து எடுத்த வண்ணத்தை அப்படியே பூசினால் செதுக்கியிருக்கும் இமை, உதடு எல்லாம் மூடிப்போகும். பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரியும், பதறவேண்டாம். ஈரப் பேலட் ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம்: தட்டையான டப்பா, நனைத்த ஸ்பாஞ்ச், மேலே பேக்கிங் தாள். மணிக்கணக்கில் வண்ணம் காயாது.

இனி கண். 28 மில்லிமீட்டர் உருவத்தில் அது ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இருக்காது. அதில் புள்ளி வைக்க முயலாதீர்கள். தோல் நிறத்தை முடிப்பதற்கு முன்பே கண்ணை வரையுங்கள். குழி முழுவதும் அடர் பழுப்பு. அதன் மேல், ஓரத்தில் மெல்லிய பழுப்பு தெரியும்படி விட்டு, மங்கலான வெள்ளை; தூய வெள்ளை வைத்தால் பேயறைந்த முகம்தான் கிடைக்கும். பிறகு கருவிழியை மேல் இமையிலிருந்து கீழ் இமை வரை செங்குத்தான ஒரு கோடாக இழுங்கள். கோடு வெளியே போனால் போகட்டும். கடைசியில் தோல் நிறத்தைக் கொண்டு சுற்றிலும் வெட்டிவிடலாம். இரண்டு விழிகளையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் மாறுகண் பிரச்சினையும் குறையும்.

ஆனால் கண்ணைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். ஆளுயர மனிதனின் அங்கி மடிப்பில் நிழல் ஆழமாக விழும். அதே மடிப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அறை வெளிச்சத்தில் கைதூரத்திலிருந்து பார்க்கையில் அந்த நிழல் கண்ணில் படாது. அதனால் நிழலையும் ஒளியையும் நாமே வண்ணத்தால் போடவேண்டும், அதுவும் மிகைப்படுத்தி. நுணுக்கம் என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு இதுதான். புருவத்தின் கீழும் கன்னத்தின் கீழும் இருட்டும், மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் வெளிச்சமும் சரியாக விழுந்துவிட்டால், கண் வெறும் கருங்கோடாக இருந்தால்கூட அந்த முகம் பார்க்கும்.

எங்கே ஒளி விழும் என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. பொம்மை முழுவதும் கறுப்பு பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்து, காய்ந்தபின் நேர் மேலிருந்து மட்டும் வெள்ளை பிரைமரை லேசாக அடியுங்கள். வெள்ளை படிந்த இடமெல்லாம் ஒளி, படியாத இடம் நிழல். வண்ணம் தீட்டும் முன் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வேலை முடியும்வரை உதவும்.

அப்புறம் அந்தப் போட்டிப் படங்கள். கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1987-இல் தொடங்கிய போட்டி அது. அங்கே வருபவை நிதானமாக, ஒற்றை உருவத்தில் உழைத்த வேலைகள். திரையிலோ அவை உண்மை அளவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிகின்றன. அந்தப் பெரிதாக்கத்தோடு உங்கள் படைவீரர்களை ஒப்பிடாதீர்கள். அவர்களைக் கைதூரத்தில் வைத்துப் பாருங்கள், விளையாடும்போது அந்தத் தூரத்தில்தான் பார்க்கப்போகிறீர்கள். படை முழுவதற்கும் கண் வரையவேண்டியதில்லை. தளபதிக்கும் கொடி பிடிப்பவனுக்கும் வரையுங்கள். மற்றவர்களுக்குக் கண்குழியில் அடர் வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த வண்ணம்) ஒன்று போதும்.

முடித்ததும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்து, அது காய்ந்தபின் தளபதியின் கண்களில் மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் துளி வையுங்கள். ஈரப்பசை தெரியும்.