சஸ்காச்சுவான் பாழ்வீடுகள்: படமெடுப்போர் கேட்டவை

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், தலைநகர் ரெஜைனாவுக்குத் தெற்கே புல்வெளிகளில் கைவிடப்பட்ட பண்ணைவீடுகளைப் பல வருடமாகப் படமெடுக்கிறேன். வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அண்ணா, நான் எடுத்தால் வெறும் இடிந்த வீடாகத்தான் தெரிகிறது. காலம் போனது எப்படித் தெரியும்?

பதில்: ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க. நூறடி பின்னால் வாங்க. ஓரத்தில் வரிசையாக காரகானா என்ற வேலிச்செடி, வாசல் பக்கம் ஒரு லைலாக் புதர் இருக்கும். யாரோ நட்டது, இன்றும் ஜூனில் பூக்கும். சுவரை ஒட்டி கனோலா (மஞ்சள் பூப் பூக்கும் எண்ணெய்வித்துப் பயிர்) விதைத்திருப்பார்கள், டிராக்டர் தடம் வீட்டைச் சுற்றி வளைந்து போகும். அந்த வளைவு ப்ரேமுக்குள் வரணும்.

கேள்வி: ஏன் இத்தனை வீடு காலி?

பதில்: கனடாவின் 1872 நிலச் சட்டப்படி குடியேறியவர்களுக்குப் பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தார்கள். வறண்ட பூமியில் அது ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. 1930களின் பஞ்சத்தில் பலர் கிளம்பினார்கள். பிறகு இயந்திரம் வந்து பத்துப் பண்ணையை ஒருவரே பார்த்தார். ரயில்பாதை ஓரத்தில் நிற்கும் உயரமான தானியக் கிடங்குகளான எலிவேட்டர்களும் அப்படித்தான் காலியாகின. 1995இல் தானியத்துக்கான ரயில் கட்டணச் சலுகை போனதும் கிளைப்பாதைகள் வேகமாக மூடப்பட்டன. எலிவேட்டரை எடுத்தால் தண்டவாளம் பிடுங்கிய மேட்டையும் சேர்த்து எடுங்க.

கேள்வி: பழைய படம் ஒன்று கிடைத்தது சார். அதே இடத்தில் நின்று எடுக்க வழி?

பதில்: 1977இலிருந்து 79 வரை புகைப்படக்காரர் மார்க் க்ளெட்டின் குழு அமெரிக்க மேற்கில் நூறு வருடப் பழைய படங்களை இப்படித்தான் திரும்ப எடுத்தது. படத்தின் பிரதியைக் கையில் வச்சுக்குங்க. கிட்ட ஒரு பொருள், தூரத்தில் ஒரு பொருள்: வீட்டு மூலைக்கும் பின்னால் உள்ள குன்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்க. அது சரியாகும்வரை இடம் வலம் நகருங்க. அப்புறம் முன்னும் பின்னும், கடைசியில் உயரம். லென்ஸைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஜூம் பண்ணிச் சரிக்கட்டப் பார்க்காதீங்க. நிற்கும் இடம் தப்பானால் இடைவெளி பொருந்தவே பொருந்தாது. நிழல் ஒத்துவர அதே மாதம், அதே நேரம்.

கேள்வி: அண்ணை, உள்ள போகலாமோ?

பதில்: வேண்டாம். 2022 ஜனவரி முதல் அங்கே தனியார் நிலத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கணும். எலிப்புழுக்கைத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸ் இருக்கலாம். புல்லுக்கடியில் உளுத்த பலகை மூடிய கிணறும் உண்டு. எனக்கு ஒருமுறை அதில் கால் முழங்கால்வரை இறங்கியது.

கேள்வி: கறுப்பு வெள்ளை நல்லா இருக்குமா?

பதில்: எனக்குப் பிடிக்காது. வெயிலில் நரைத்த மரத்துக்குப் பக்கத்தில் கனோலா மஞ்சள்தானே கதை.

கேள்வி: அடுத்த முறை போகையில் வீடே இல்லையென்றால்?

பதில்: அதே இடத்தில் நின்று எடுங்க. என்னிடம் மூன்று படம் இருக்கு: கூரையோடு, கூரையில்லாமல், வெறும் கனோலா. லைலாக்கையும் பிடுங்கிவிட்டார்கள், டிராக்டர் நேராகப் போகணுமே. உற்றுப் பார்த்தால் நிலவறை இருந்த இடத்தில் மட்டும் பயிர் ஒரு சாண் தாழ்ந்திருக்கும்.