மட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. சென்ற மாதம் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள மாக்சிமா வகை ராட்சத மட்டி ஒன்றை வாங்கி, தொட்டியின் நடுவே மணல்மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் சாய்ந்து கிடக்கும்; நிமிர்த்தி வைப்பேன்; மறுநாளும் அதே கதை. இப்போது பின்பக்கப் பாறையின் அடியில், வெளிச்சம் குறைவான இடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. கத்தியால் நெம்பி எடுக்கலாமா? எங்கே வைத்தால் நகராமல் இருக்கும்?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: சகோதரி, நெம்ப வேண்டாம். இனி இழுக்கவும் வேண்டாம். நீங்கள் இழுத்தபோது அது வராமல் போனது நல்லதாயிற்று.

மட்டியின் அடிப்பக்கத்தில், இரண்டு ஓடுகளும் கீலாக இணையும் இடத்துக்கு அருகே ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகப் பாதத்தை நீட்டி, உறுதியான இழைகளைச் சுரந்து பாறையைப் பற்றிக்கொள்கிறது. இழை அறுந்தால் கவலையில்லை, சில நாட்களில் புதிதாகச் சுரந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து இழுக்கும்போது இழையைச் சுரக்கும் சுரப்பியே சதையோடு பிய்ந்து வரக்கூடும். அப்படிக் காயப்பட்ட மட்டி சில நாட்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றிவிட்டுப் பிறகு இறந்துபோகும். கடையில் வாங்கும்போதும் அடித்திறப்பைப் பாருங்கள். அங்கே சதை கிழிந்து தொங்கினால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பாறையைத் தனியாகத் தூக்க முடியுமானால், மட்டியோடு சேர்த்தே அதை இடம் மாற்றுங்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. முடியாவிட்டால் இழைகளை அறுக்க வேண்டியதுதான். பம்புகளை நிறுத்துங்கள். கையின் நிழல் பட்டதும் மட்டி மூடிக்கொள்ளும். ஓட்டுக்கு வெளியே விரியும் வண்ணச் சதைப்பகுதியான சதைமடலின் ஓரம் நெடுக அதற்கு நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கண்கள் இருக்கின்றன. அது மூடிய பிறகு ஒரு கையால் ஓட்டைப் பக்கவாட்டில் பிடித்து, இழைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் அதை மெல்லச் சாய்த்துப் பிடியுங்கள். எண்ணெய்ப் பசை இல்லாத புதிய பிளேடைப் பாறையோடு ஒட்டினாற்போல் செலுத்தி அறுங்கள். வெட்டு பாறைப் பக்கம் இருக்க வேண்டும். மட்டியின் பக்கம் பிளேடு போகவே கூடாது. பாதம் வெளியே நீண்டிருப்பது தெரிந்தால், உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

கூடுமானவரை நீருக்குள்ளேயே நகர்த்துங்கள். வெளியே எடுத்தே தீர வேண்டுமானால், மீண்டும் நீரில் இறக்கியதும் இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்த்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிடுங்கள். மட்டி கையில் இருக்கும்போதே அடிப்பக்கத்தையும் ஓட்டின் மடிப்புகளையும் நன்றாகப் பாருங்கள். அரிசிமணி அளவில் வெண்மையான நத்தைகள் ஒட்டியிருந்தால், மென்மையான பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அவை இரவில் வெளிவந்து மட்டியின் உடற்சாற்றை உறிஞ்சுபவை. ஒரு முறை தேய்த்தால் போதாது, முட்டைகள் தப்பியிருக்கும்; சில வாரங்களுக்கு அவ்வப்போது பாருங்கள்.

இப்போது இடம். ராட்சத மட்டிகளில் மாக்சிமா, குரோசியா என்னும் இரண்டு வகைகளும் பவளத்திட்டின் மேற்பரப்பில் பாறையைப் பற்றி வாழ்பவை. குரோசியா பாறையைக் குடைந்து உள்ளேயே அமர்ந்துவிடும். ஸ்குவாமோசா, டெராசா வகைகள் மணல்தரைக்கு நன்றாகப் பழகும். உங்கள் மட்டி இரவெல்லாம் தேடியது பற்றிக்கொள்ளத் திடமான ஒரு தளத்தை. உள்ளங்கை அளவு தட்டையான கல் ஒன்றை மணலில் பதித்து, அதன்மேல் அடித்திறப்பு படும்படியும் வண்ணச் சதைமடல் விளக்கை நோக்கும்படியும் மட்டியை வையுங்கள். சாயாமலிருக்க இரு பக்கமும் சிறு கற்களை முட்டுக் கொடுங்கள். ஓடு முழுதாகத் திறக்க இடம் வேண்டும், இடுக்கில் செருகிவிடாதீர்கள். பசை வைத்து ஒட்டவும் வேண்டாம். கல்லை அது பற்றிக்கொண்ட பிறகு, எப்போது நகர்த்த நேர்ந்தாலும் கல்லோடு தூக்கிவிடலாம். பிளேடுக்கு மறுபடி வேலையே வராது.

சதைமடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவில்தான் மட்டி பெரும்பகுதி வாழ்கிறது. மாக்சிமாவுக்கு வலுவான வெளிச்சம் தேவை என்பது அதனால்தான். ஆனால் நிழலில் இருந்ததை ஒரேயடியாக விளக்கின் கீழ் கொண்டுபோய் வைத்தால் சதைமடலின் நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கும். முதலில் எல்இடி விளக்கின் அளவைக் குறைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். பம்பின் நீரோட்டம் நேராக மோதக் கூடாது. சதைமடலின் ஓரம் ஒரே பக்கமாக மடிந்து நின்றால் ஓட்டம் அதிகம் என்று பொருள். கடல் சாமந்தியும் நீண்ட கொடுக்கிழைகள் கொண்ட பவளங்களும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். குள்ள ஏஞ்சல் மீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் சதைமடலைக் கொறிக்கும் பழக்கமுள்ளவை. அவை உங்கள் தொட்டியில் இருந்தால் மட்டியோ மீனோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நகர்த்திய முதல் நாள் அது சுருங்கியே இருக்கலாம். தொடாதீர்கள். தினமும் நிமிர்த்திக்கொண்டே இருப்பதுதான் அதை அதிகம் களைப்படையச் செய்யும். இரவில் சதைமடல் உள்வாங்குவது இயல்பு. பகலிலும் நீர் உள்ளிழுக்கும் துளை அகலப் பிளந்து, நிழல் பட்டும் ஓடு மூடவில்லை என்றால்தான் ஆபத்து. அப்போது உப்புத்தன்மை, வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை நான்கையும் உடனே சோதியுங்கள். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். சிங்கப்பூர் வெக்கையில் குளிரூட்டி இல்லாமல் இந்த வெப்பநிலையைக் காப்பது கடினம். மட்டி இறந்துவிட்டால் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். சிறிய தொட்டியின் நீரை அது மிக விரைவில் கெடுத்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: மாக்சிமாவும் ஸ்குவாமோசாவும் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள். மற்ற நாடுகளிலும் ராட்சத மட்டிகளின் பன்னாட்டு வணிகம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின்கீழ் அனுமதிச் சீட்டோடுதான் நடக்க வேண்டும். பலாவு போன்ற தீவு நாடுகளில் இவற்றைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். அடுத்த மட்டியை வாங்கும்போது, அது பண்ணையில் வளர்ந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு, அதற்கான தாளையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.