குடியிருப்போர் நலச்சங்கம் என்றால் என்ன? அதனால் தெரு எப்படிப் பாதுகாப்பாகும்?

ஒரு தெருவிலோ நகரிலோ வசிப்பவர்கள் தங்கள் பகுதியைக் காத்துக்கொள்ளச் சேர்ந்து அமைக்கும் சங்கம் இது. தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் இருந்தால் பதியலாம். பதிந்துவிட்டால் வங்கிக் கணக்கு, மனு எல்லாம் சங்கத்தின் பெயரில் இருக்கும். தலைவர் வீடு மாறிப் போனாலும் வேலை நிற்காது.

தெருவிளக்கு எரியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் இருந்துவிடுகிறோம். ஊரே வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆளில்லாமல் தேர் திரும்புமா? புகார் செய்ய அப்படி ஓர் ஆளை நியமிப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை. சென்னையில் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு அழைத்து "தெரு இருட்டாக இருக்கிறது" என்றால் போதாது. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். புகார் எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். சரியாகாவிட்டால் அதைக் குறிப்பிட்டு வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள்.

கேமரா வாங்கியதோடு பல சங்கங்கள் ஓய்ந்துவிடுவது வருத்தம் தருகிறது. லென்ஸில் தூசி படியும், மரக்கிளை வளர்ந்து மறைக்கும், ஹார்டு டிஸ்க் பழுதாகும். திருட்டு நடந்த அன்று பதிவு இருக்காது. மாதம் ஒருமுறை பழைய பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். கேமரா வாங்கும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

பதிவான சங்கம் தெருவுக்குக் கேட் போட்டு வெளியாட்களைத் தடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மாநகராட்சித் தெரு பொதுவழி, அதை மறிக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை, சந்தேகம் வந்தால் 100-க்குத்தான் அழைக்க வேண்டும்.